மொகரைக்கு வேர் தோண்டியவர்

சொல்லுக்கு வேர் தோண்டுகிறவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் தெரியாது. நம்மைப் போலவே வேட்டி கட்டியிருப்பார்கள், நம்மைப் போலவே டீ குடிப்பார்கள், பஸ் வரவில்லை என்று நம்மைப் போலவே சலித்துக்கொள்வார்கள். பல்வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "உசுரு போகுது" என்று முனகிய பிறகுதான் இனம் தெரியும். மற்ற மனிதனாக இருந்தால் கிராம்பை வைத்துக் கடிக்கச் சொல்வான், அல்லது தன் மாமியாருக்குப் பல் பிடுங்கிய கதையையாவது சொல்வான். இவர் உங்கள் வீங்கிய கன்னத்தைப் பரிவோடு பார்த்துவிட்டு, "கன்னம்ங்கிற சொல்லு எதுல இருந்து வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்" என்பார். உங்களுக்குத் தெரியாது. அதுதான் அவருக்கு வேண்டும்.

இந்த இனத்தில் பிரிவுகள் உண்டு. ஊர்ப்பெயரைத் தோண்டுகிறவர், பலகாரத்தின் பெயரைத் தோண்டுகிறவர், கெட்ட வார்த்தையைத் தோண்டுகிறவர் என்று ஆளுக்கொரு வயல். கடைசியாகச் சொன்னவருக்கு எப்போதும் கூட்டம் சேரும். ராமநாதபுரம் பக்கத்துச் சிக்கல் ஊரைச் சேர்ந்த கூத்தையா முகத்துக்காரர். முகம் என்றால் நாகரிகமான முகம் அல்ல. வதனத்தையெல்லாம் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மூஞ்சி, மொகரை, மொகரக்கட்டை, மோரை, சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி, தூங்குமூஞ்சி என்று கோபத்திலும் கேலியிலும் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்கிற சொற்கள்தான் அவருடைய ராஜ்ஜியம். ஊருக்கு மேற்கே அவருக்குக் கொஞ்சம் மிளகாய்க் காடு இருந்தது. அதில் களை எடுப்பதை மனைவி நாகலெட்சுமி பார்த்துக்கொண்டாள். அவர் மொழியில் களை எடுத்தார்.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. எழுபத்தாறாம் வருஷம் மிளகாய் விலை விசாரிக்க ராமநாதபுரம் போனவர், திரும்பும்போது பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்கவில்லை.

"மொகரக்கட்டையப் பாரு! யோவ், ஏறுறியா, எறங்குறியா?"

வேறொருவனாக இருந்தால் கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருப்பான். மானம் போனாலும் போகட்டும் என்று ஏறியாவது இருப்பான். கூத்தையா இரண்டும் செய்யவில்லை. 'மொகரை சரி, கட்டை எதுக்கு?' என்று தோன்றியது அவருக்கு. பஸ் போய்விட்டது. திட்டு வாங்கிய இடத்திலேயே, பெண்பார்க்கப் போய் வந்தவனைப் போல ஒரு பூரிப்போடு நின்றார்.

பக்கத்தில் பெரியபட்டினத்துக் கருவாட்டு வியாபாரி மதார், காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கூத்தையா அவரிடம் போனார்.

"பாய், ஒங்க ஊர்ப்பக்கம் மூஞ்சிய என்னன்னு சொல்லுவாக?"

"மூஞ்சின்னுதான்."

"கோவத்துல?"

"கோவத்துல மொகரைம்போம். அதுக்கென்ன இப்போ?"

"எதுனால அப்படிச் சொல்றீக?"

மதார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கோவத்துனாலதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு எழுந்து அடுத்த கடை நிழலுக்குப் போய்விட்டார்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த மாதமே சிக்கல் டீக்கடையில் கூத்தையா, "பெரியபட்டினத்துல வெவரம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் எங்கிட்ட மனம்விட்டுப் பேசினாரு" என்று ஆரம்பித்தார். மொகரை அரபுக் கப்பலில் வந்திறங்கிய சொல் என்று முடித்தார். ஆதாரம் கேட்பவன் யார்? டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர் பேச ஆரம்பிப்பதற்குச் சில சடங்குகள் உண்டு. முதலில் தோளில் கிடக்கும் துண்டு மடிக்கு இறங்கும். துண்டு இறங்கிவிட்டால் தெரிந்தவர்கள் எழுந்துவிடுவார்கள்; தெரியாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அடுத்தது கண்ணை மூடுவது. மூன்றாவது, "மேலோட்டமாப் பாத்தா அப்படித்தான் தெரியும்" என்ற திருவாக்கு. அந்த ஒரு வாக்கியம் போதும். எதிரே இருப்பவன் தாசில்தாராக இருந்தாலும் அந்த நொடியிலிருந்து மேலோட்டமானவன், கூத்தையா ஆழமானவர். சித்திரையில், மூஞ்சி என்பது மூஞ்சூறிலிருந்து வந்தது, மூஞ்சூறு பிள்ளையாரைச் சுமப்பது, ஆகவே மூஞ்சி தெய்வீகமான சொல் என்பார். ஆடியில், மூச்சும் இஞ்சியும் சேர்ந்து மூஞ்சி ஆயிற்று என்பார். இஞ்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நீங்கள் மேலோட்டம். எதையும் எழுதி வைக்க மாட்டார். எழுதி வைத்தால் போன மாதம் சொன்னதும் இந்த மாதம் சொல்வதும் ஒத்துப்போக வேண்டுமே!

ஒருமுறை கடன் கேட்டுக் கிடைக்காத ஒருவன் டீக்கடையிலேயே, "காலங்காத்தால ஒம்மூஞ்சியில முழிச்சேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்று கத்தினான். கூத்தையா முகம் மலர்ந்து, "முழிக்கிறதுன்னு சொன்னே பாத்தியா, அங்கனதான் விஷயம் இருக்கு" என்று அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இன்னொருமுறை ஒரு சாவு வீடு. இறந்தவனுடைய மனைவி, "அந்த மொகத்த இனி எங்கன போயிப் பாப்பேன்" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். கூத்தையா பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். "கவனிச்சீகளா? துக்கத்துல மொகம்னுதான் வருது. மூஞ்சின்னு வரல பாருங்க." இறந்தவனின் தம்பி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்து நிறுத்தினார்கள். பிடித்திருக்க வேண்டாம் என்பது பிற்பாடு ஊரின் பொதுக் கருத்தாக இருந்தது.

இதுவரை நடந்தது மற்றவர்களுக்கு. தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதத்தில் நடந்தது அவர் வீட்டிலேயே.

கூத்தையாவுக்கு ஒரே மகள். பூமயில் என்று பெயர். ப்ளஸ் டூ முடித்துவிட்டு அம்மாவோடு மிளகாய்க் காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். உத்தரகோசமங்கைத் திருவிழாக் கூட்டத்தில் அவளைப் பார்த்த மலையாண்டி மறக்கவில்லை; அவளும் மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை. மலையாண்டியின் குடும்பம் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்த பிறகு தீவுக்குப் போய், அக்காள்மடத்தில் மெயின் ரோட்டின்மேல் வலைக்கயிறு விற்கிற கடை போட்டிருந்தார்கள். அப்பா இல்லை. அம்மா ராக்கு, அவளுடைய தம்பி மருதுபாண்டி, இந்த இரண்டு பேர் வைத்ததுதான் அங்கே சட்டம். இரண்டு பேருக்கும் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. நல்ல நாள் பார்த்து, வேன் பிடித்து, பூ வைக்கச் சிக்கலுக்கு வந்துவிட்டார்கள்.

நாகலெட்சுமி முதல் நாளே கணவனைக் கூப்பிட்டு, "ஏங்க, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாதா? நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்றார்.

பூ வைத்தது மருதுபாண்டியின் மனைவி. ராக்கு தாலி இழந்தவள் என்பதால் சுவரோரமாக, இரண்டு பேருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தலைநிறைய மல்லிகையோடு பூமயில் நிமிர்ந்ததும் அவளால் நிற்க முடியவில்லை. முன்னால் வந்து, இரண்டு கையாலும் பெண்ணின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மொகரையப் பாரு! ஏ ஆத்தே, இந்த மொகரக்கட்டையப் பாரு! இதுக்கு என்ன கொறைச்சல்ங்கிறேன்!"

கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். படபடவென்று பத்து விரலும் முறிந்தன. கை மறுபடியும் பெண்ணின் கன்னத்துக்கே போயிற்று. கூடம் முழுக்கச் சிரிப்பு. பூமயிலும் சிரித்தாள், அவள் வாய்விட்டுச் சிரித்து மலையாண்டி பார்த்தது அதுதான் முதல்முறை.

கூத்தையாவின் தோளிலிருந்து துண்டு இறங்கியது.

அடுப்படி வாசலில் நின்ற நாகலெட்சுமி அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் இரண்டு கையிலும் பாயசப் பாத்திரம். அவளுக்கும் அவருக்கும் நடுவே சம்மணம் போட்ட அக்காள்மடத்துச் சனம். பாத்திரத்தைக் கீழே போட்டிருந்தால்கூட நல்ல சத்தம் வந்திருக்கும், பேச்சு மாறியிருக்கும். பாவம், அவளுக்கு அது தோன்றவில்லை.

"இப்பத் தங்கச்சி ஒரு சொல்லு சொன்னுச்சு" என்றார் கூத்தையா, கண்ணை மூடிக்கொண்டு. "மேலோட்டமாப் பாத்தா அது மூஞ்சியச் சொல்ற சொல்லுதான். உள்ள போயிப் பாக்கணும். மொகரை. மோந்து பாக்கிறதத்தான் முகர்றதுங்கிறோம். மோந்து பாத்துக்கிட்டே திரியிற சீவன் எது?"

பதில் சொல்வதற்காக யாரும் வேன் பிடித்து வரவில்லை.

"நாய். ஆக, மொகரைன்னா நாயோட வாய்ப்பக்கம்."

சிரிப்பு நின்றது. ராக்குவின் கை இன்னும் பெண்ணின் கன்னத்தில்தான் இருந்தது. அதை அங்கேயே வைத்திருப்பதா எடுப்பதா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

மருதுபாண்டி மெதுவாகக் கேட்டார். "என்னண்ணே, எங்கக்கா ஒங்க மகள நாயின்னு சொல்லிட்டாகங்கிறீகளா?"

கூத்தையாவுக்குச் சந்தோஷம். கேள்வி கேட்டிருக்கிறார்களே! இத்தனை வருஷத்தில் அவர் பேச்சு முடிவதற்குள் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர்?

"நான் சொல்லல. சொல்லு சொல்லுது."

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூட நாகலெட்சுமி எப்படியாவது காப்பாற்றியிருப்பாள். ஆனால் கட்டை பாக்கி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் மனசில் விழுந்த கட்டை. அன்றைக்குத்தான், அந்தக் கூடத்தில்தான், அத்தனை முகங்கள் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், அதற்கு விடை பளிச்சென்று வந்து விழுந்தது அவருக்கு. வந்த விடையை வாய்க்குள் வைத்துக்கொள்வது எப்படி என்று இந்த இனத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"கட்டைக்கு வாரேன். கட்டையில போறவனேன்னு எதுக்குத் திட்டுறோம்? சுடுகாட்டுல அடுக்கிறது கட்டை. ஆக, மொகரக்கட்டைன்னா கட்டையில கெடத்தின..."

"அய்யா!" என்றாள் பூமயில்.

"...மொகம்" என்று முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

தலையில் வைத்த பூ இன்னும் சரியாகப் படியக்கூட இல்லை. ராக்கு கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "தப்பு எம்மேலதான் மதினி" என்றாள் நாகலெட்சுமியைப் பார்த்து. "தாலியறுத்தவ நல்ல காரியத்துல முன்ன வந்து கை வச்சிருக்கக் கூடாது. என்னமோ ஆசையில வச்சுப்புட்டேன்."

மருதுபாண்டி எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மலையாண்டி கடைசியாக எழுந்தான், பூமயிலைப் பார்த்தான், மாமா கூப்பிட்டதும் போய்விட்டான். பாயசம் பாத்திரத்திலேயே ஆடை கட்டியது. வேன் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டபோது கூத்தையா வாசலில் நின்று, உண்மையான வருத்தத்தோடு, "பாதியிலயே போயிட்டாகளே, இன்னும் மோரைக்கே வரலையே" என்றார்.

நாகலெட்சுமி சண்டை போடவில்லை. சண்டை போட்டால் 'சண்டை'க்கு வேர் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். மகள்தான் வந்து எதிரே நின்றாள்.

"அய்யா, எம்மூஞ்சியப் பாருங்க."

"என்ன ஆத்தா?"

"மூஞ்சின்னா என்னன்னு கேக்கல. எம்மூஞ்சியப் பாருங்கங்கிறேன்."

பார்த்தார். அழுது வீங்கிய முகம். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் வீங்கும் என்று ஞாபகம் வந்தது. கை அவள் நெற்றியைத் தொட எழுந்தது. ஆனால் அது அங்கே போய்ச் சேர்வதற்குள், தன்னை யாருமே புரிந்துகொள்ளவில்லை என்ற பழைய துயரம் முந்திக்கொண்டது. மெய்யைச் சொன்னவனுக்கு எந்தக் காலத்தில் நல்ல பெயர் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அக்காள்மடத்திலிருந்து தகவல் வந்தது. சகுனம் சரியில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு இடமா? அதற்குள் கதை கடலாடிவரை போய்விட்டது. கூத்தையா சொன்னது பாதி வழியில் ராக்கு சொன்னதாக மாறி, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை நாய்மூஞ்சி என்று சொல்லி எழுந்து போனார்களாம் என்று முடிந்தது. முன்பு ஜாதகம் கேட்டிருந்த இரண்டு வீடுகள் சத்தம் காட்டாமல் ஒதுங்கின. கிணற்றடியில் பூமயில் வந்தால் மற்ற பெண்கள் அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்கள். அழகான முகம்தான். ஆனால் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னால் ஒருநாள் அவள் கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருப்பதை நாகலெட்சுமி பார்த்தாள். அன்றைக்கே கிளம்ப முடிவு செய்துவிட்டாள்.

"நாளைக்கு நம்ம அக்காள்மடம் போறோம். நீங்க வரணும், பொண்ணப் பெத்தவுக வராமப் போனா மருவாதி இல்ல. ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

"நானும் வாரேன்" என்றாள் பூமயில். பெண் போகிற வழக்கம் இல்லை என்று அம்மா சொன்னாள். "வழக்கத்துல என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் மகள். கயிறு வாங்கப் போன உள்ளூர்க்காரர் ஒருவரிடம், 'நான் வேற எடம் பாக்கல, பாக்கவும் மாட்டேன்' என்று மலையாண்டி சொல்லி அனுப்பியிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பஸ் பயணத்தைப் போல ஒரு தண்டனையைக் கூத்தையா அனுபவித்ததில்லை. பாலத்தின்மேல் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், ஜன்னல் வழியே பிய்த்துக்கொண்டு காற்று. முன் சீட்டுக்காரர், "என்னா காத்து, மூஞ்சியிலேயே அறையுது!" என்றார். கூத்தையா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தீவுக்குள் போனதும் கண்டக்டர், "அக்காள்மடம் எறங்கு! தங்கச்சிமடம் இருக்கவுக உள்ள போ!" என்று கூவினார். அக்காளும் தங்கச்சியும் அடுத்தடுத்து! ஊர்ப்பெயர் அவர் வயல் இல்லைதான். ஆனாலும் பசி என்று வந்துவிட்டால் பக்கத்து வயல் ஆகாதா? வாய் திறந்தது. நாகலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். வாய் மூடியது. இறங்கும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. ராக்கு வாங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள், நாற்காலி போட்டாள். எல்லாம் வெளியூர் ஆபீசருக்குச் செய்வது போல இருந்தது. மருதுபாண்டி கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். மலையாண்டி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் வந்திருந்த வாடிக்கையாளரை மறந்துவிட்டு நின்றான்.

"மதினி, ஒங்க மனசு நோகும்படி ஆகிப்போச்சு" என்று நாகலெட்சுமி ஆரம்பித்தாள். "அவுக சொன்னத நீங்க மனசுல வைக்கக் கூடாது. அவுக சொல்றத நாங்க யாருமே மனசுல வைக்கிறதில்ல."

கூத்தையா கழுத்தைத் திருப்பினார். அவ்வளவுதான் அனுமதி.

"கோவம் இல்ல மதினி" என்றாள் ராக்கு. "அந்தச் சொல்ல நான் திட்டுறதுக்குச் சொல்லல. எங்காத்தா என்னைய அப்படித்தான் கூப்பிடும். தலைக்கு எண்ணெ வச்சுச் சடை பின்னுறப்ப நான் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்புவேன். தாவாக்கட்டையப் புடிச்சு, 'ஏ மொகரக்கட்டை, நேரா பாரு'ங்கும். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பொறந்தும் அப்படித்தான் கூப்பிட்டுச்சு. அது போனதுக்கப்புறம் அப்படிக் கூப்பிட ஆளில்ல. கூப்பிடுறதுக்கு எனக்கும் பொட்டப்பிள்ளையில்ல. அன்னைக்கு ஒங்க மகளப் பாத்ததும், எத்தனையோ வருசத்துக்கப்புறம் அந்தச் சொல்லு தானா வந்துச்சு. அதப் போயி..." என்றவள் மேலே பேசாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெளியே ரோட்டில் லாரி ஒன்று போய் அடங்கியது. தாழ்ந்த குரலில் கூத்தையா கேட்டார்:

"ஒங்காத்தாவுக்குப் பொறந்த ஊரு எது, தங்கச்சி?"

நாகலெட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷத்துக்குப் பக்கமாகக் குடும்பம் நடத்தி, இந்த மனிதன் ஒரு துக்கத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டது இதுதான் முதல்முறை என்று நினைத்தாள். ராக்குவும் அப்படித்தான் நினைத்தாள்.

"தேவிபட்டினம் அண்ணே. கடக்கரைப் பொம்பள. எங்கய்யாவுக்கு வாக்கப்பட்டுத்தான் கரிசக்காட்டுக்கு வந்துச்சு."

"கடக்கரையா!" கூத்தையா நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டு மடிக்கு வந்துவிட்டது. "அப்படின்னா மொகரை கடக்கரைச் சொல்லு! நாய் இல்ல! தோணிக்கு முன்பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கிதே, அந்தக் கட்டை! அலையில மொதல்ல மோதுறது அதுதான். சுடுகாட்டுக் கட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அன்னைக்குச் சொன்ன ரெண்டையும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

பாருங்கள், கேட்டது பரிவால் அல்ல. ஒரு தாயின் சாவைக் கேட்டுவிட்டு, அவள் பிறந்த ஊரை ஒரு தடயமாக எடுத்து மடியில் முடிந்துகொண்டார். ஆனால் மருதுபாண்டியின் காதில் விழுந்தது 'வாபஸ்' என்ற ஒரு சொல் மட்டும். அவர் கயிற்றுச் சுருளிலிருந்து இறங்கினார்.

"அக்கா, பொண்ணப் பெத்த மனுசன். இம்புட்டு தூரம் வந்து, நம்ம வீட்டுக்குள்ள உக்காந்து, சொன்னது தப்புன்னு ஒத்துக்கிறாரு. இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?"

"தப்புன்னு இல்ல, அதாவது, மேலோட்டமா..." என்று கூத்தையா ஆரம்பித்தார். பூமயில் தன் குதிகாலை அப்பாவின் கால்விரல்மேல் வைத்து முழு எடையையும் இறக்கினாள். "ஆமா" என்றார் கூத்தையா.

மலையாண்டி கல்லாவில் நின்றபடியே சிரித்தான். ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்ணைப் பார்த்தாள். "நாயோ தோணியோ, எனக்கு அதெல்லாம் தெரியாது அண்ணே. ஒங்க மக எனக்கு வேணும். அந்தச் சொல்லு வேணாம்" என்றாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிகிறவரை கூத்தையாவின் இரண்டு பக்கமும் நாகலெட்சுமியின் அண்ணன்மார் உட்கார்ந்திருந்தார்கள். உறவுக்காரர்கள் மரியாதை என்று நினைத்தார்கள்.

ஆடிக்கு மகளை அழைத்து வந்தார்கள். வந்த மறுநாள் முற்றத்தில் காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த பூமயிலிடம், அங்கே எப்படி என்று கூத்தையா கேட்டார்.

"நல்லா இருக்கேன் அய்யா. அத்தை என்னையத் தாங்குறாக. தலைக்கு எண்ணெ வச்சுச் சடை பின்னி விடுறாக." கொஞ்ச நேரம் மிளகாயைக் கிளறினாள். "ஒரு நா நான் தலையத் திருப்பிட்டேன். தாவாக்கட்டையப் புடிச்சு, 'ஏ மொ...'ன்னு ஆரம்பிச்சாக. அப்படியே நிறுத்திட்டு, 'பூமயிலு, நேரா பாரு'ன்னாக."

"ஏன் நிறுத்துனாக?"

"நானும் கேட்டேன். வாய்க்கு வந்தாலே நாயும் சுடுகாடும் கூடவே வந்து நிக்கிதாம். அவுக ஆத்தா கூப்பிட்டது கூட இப்பல்லாம் அப்படித்தான் ஞாபகம் வருதாம். சொல்லிட்டு அழுதுட்டாக."

கூத்தையா யோசித்தார். "பேரு சொல்லிக் கூப்பிடுறது மருவாதிதான ஆத்தா?"

"மருவாதி எனக்கு எதுக்கு அய்யா? நான் மொகரக்கட்டையா இருந்துட்டுப் போறேன்" என்றாள் பூமயில். கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

கூத்தையா முற்றத்தில் தனியாக நின்றார். மிளகாய் நெடிக்குக் கண் கரித்தது; மிளகாய் நெடிக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பழைய, நல்ல சொல்லை, செத்துப்போன ஒருத்தியின் வாயிலிருந்து உயிரோடு இருக்கிற ஒருத்தியின் வாய்க்கு வந்து சேர்ந்திருந்த சொல்லை, தோண்டித் தோண்டி வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டோம் என்று அந்த மனிதனுக்கு ஒரு கணமாவது உறைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி நினைப்பது உங்கள் நல்ல குணம். அவர் நேராக டீக்கடைக்குப் போனார். கடற்கரை மாமியார்கள் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எப்படி வந்தது என்று ஆரம்பித்தார். அன்றைக்கு உட்கார்ந்து கேட்க ஒருவர்கூட இல்லை. கடைக்காரர் மட்டும் பாய்லருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. சாவு வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள். பூ வைக்கிற இடத்தில் பூவை மட்டும் பார்ப்பீர்கள். நல்லது. ஆனாலும் ஒன்று கேட்டுவிடலாம். ராக்கு அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தைப் படித்தபோது, கூத்தையா நாய் என்றாரே, 'அது தப்பு, சரியான வேர் அதுவல்லவே' என்று உங்கள் உதடு லேசாகத் துடித்ததா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம் என்று திரும்பினீர்களா? திரும்பியிருந்தால், சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்தப் பக்கத்து ஆள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.